பத்துக்குப் பத்து அறைக்கு ஃபர்னிச்சர் செய்து விற்க: புதிதாக இறங்குபவர்களுக்கு

நான் செய்த முதல் மடக்கு மேசை, சுவரோடு சேர்த்து மடக்கினால் ஐந்து இஞ்ச்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தால், மேசை விரித்தபடியே நிற்கிறது. மேலே லேப்டாப், சார்ஜர், மாத்திரை டப்பா, இரண்டு தண்ணீர் பாட்டில், கரண்ட் பில், பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ். "மடக்கலாம்தாங்க, ஆனா இதையெல்லாம் எங்க வைக்கிறது?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

மேசை எப்படி மடங்கும் என்று மூன்று வாரம் யோசித்தவன், மேலே இருக்கிற சாமான் எங்கே போகும் என்று மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். மடக்க முடிந்தும் யாரும் மடக்காத ஒரு பொருள், சாதாரண மேசையைவிட விலை கூடின ஒரு மேசை. அவ்வளவுதான்.

யார் வீட்டுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சின்ன வீடு என்றால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். சொந்த ஃபிளாட்காரர் சுவரில் துளை போடச் சம்மதிப்பார், ஆனால் வீட்டு இன்டீரியர் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பார். வாடகைக்காரர் ஒரு ஆணி அடிக்கவே வீட்டு ஓனரைக் கேட்க வேண்டும். அக்ரிமெண்ட் பதினொரு மாதம், இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறுவார். பி.ஜி. நடத்துகிறவருக்கு இருபது கட்டில் ஒரே மாதிரி வேண்டும், விலை மட்டும்தான் பேச்சு.

ஒரே மாதிரிப் பொருளை மூவருக்கும் செய்ய முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கிற வாடகை வீடுகளை மனதில் வைத்து நான் செய்தேன். அதற்காக எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள்: சுவரில் துளை கூடாது, தனியாக நிற்க வேண்டும், ஆறு ஸ்க்ரூவைக் கழற்றினால் குட்டி யானையில் ஏற வேண்டும். நீங்கள் வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் விதிகளும் மாறும். எதுவானாலும் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நடுவில் ஒரு நல்ல ஐடியா வந்து உங்களை இழுக்கும்போது அதைப் பார்க்கலாம்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்குப் போங்கள்

படம் வரைவதற்கு முன்னால் இது. அறையின் நீள அகலம் எல்லோரும் எடுப்பார்கள். அதைவிட முக்கியமானவை வேறு: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு என்ன உயரத்தில் இருக்கிறது, ஜன்னல் திண்டு எங்கே ஆரம்பிக்கிறது, பீரோ கதவைத் திறக்க முன்னால் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். தரையோரம் ஓடுகிற ஸ்கர்ட்டிங் டைல் சுவரை விட்டு அரை இஞ்சாவது துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் செய்த அலமாரி சுவரோடு ஒட்டாது. அந்த இடுக்கில் பேனாவும் சீப்பும் விழுந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் படிக்கட்டு. இது வீட்டுக்கு வெளியே இருப்பதால் மறந்துபோகும். நான் ஆறடி நீளத்தில் ஒரே பெட்டியாக ஒரு திவான் செய்து, மூன்றாவது மாடிக்குப் படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றினோம். ஏற்றுகூலி என் லாபத்தைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து, பிரிக்க முடியாத எந்தத் துண்டும் நாலடிக்கு மேல் என் பட்டறையில் கிடையாது.

அளவெடுத்த பிறகு, அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். காலை ஏழு மணிக்கு அந்த மூலையில் என்ன நடக்கிறது? மதியம்? ராத்திரி ஒன்பதுக்கு? ஒரே நாலடி இடத்தில் இட்லி சாப்பிடுவதும், ஆபீஸ் மீட்டிங்கும், வீட்டுப்பாடமும், படுக்கையும் நடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற அந்த நேரம்தான் நீங்கள் வடிவமைக்க வேண்டியது.

நம் பாட்டிமார் வீட்டில் இதற்குப் பாய் இருந்தது. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை கூடமாகிவிடும். கீல் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பத்து விநாடி. நான் செய்கிற எதையும் அந்தப் பாயோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: ஒரு ஆள், பத்து விநாடி, இன்னொரு கையில் குழந்தை இருந்தாலும் முடிய வேண்டும். இந்தச் சோதனையில் தோற்றுப்போன வடிவங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓரங்கட்டிவிட்டேன்.

மூன்று பொருள் போதும்

ஆரம்பத்திலேயே பதினைந்து பொருள் போட்டு கேட்லாக் அடிக்காதீர்கள். மூன்று செய்யுங்கள், ஆனால் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். என்னுடையவை: கால் மடங்குகிற ஒரு மேசை, அதன் அடியில் நுழைகிற இரண்டு ஸ்டூல், பாய் தலையணை போர்வை போட்டு வைக்கிற ஒரு பெட்டி பெஞ்சு. மேசை தரையிலிருந்து 29½ இஞ்ச். ஸ்டூலும் பெஞ்சும் 17½ இஞ்ச், அதனால் மூன்றையும் சேர்த்துப் போட்டால் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கீல், ஒரே ஸ்க்ரூ, பலகை விளிம்பில் ஒட்ட ஒரே எட்ஜ் பேண்ட். கடையில் மொத்தமாக வாங்கலாம், பழுது வந்தால் ஒரே உதிரிபாகம்.

அந்த வேளச்சேரி மேசைக்குத் தீர்வு பெஞ்சில் இல்லை, மேசையிலேயே கிடைத்தது. மடங்காத பின்பகுதியில் எட்டு இஞ்ச் அகலத்துக்கு ஒரு தட்டு வைத்து, அதற்கு முன்னால் இருக்கிற பலகை மட்டும் மடங்கி இறங்குகிற மாதிரி மாற்றினேன். லேப்டாப்பும் மாத்திரை டப்பாவும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலகை மட்டும் கீழே போகும். மடக்கினால் ஐந்து இஞ்ச் என்று பீற்றிக்கொள்ள முடியாது, ஒன்பது இஞ்ச் ஆகிவிட்டது. ஆனால் மடக்குகிறார்கள்.

எளிமையான தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. வேலைப்பாடு குறைந்தால் செலவும் குறையும் என்று நினைப்போம். கார்னிஷ், பீடிங் என்று ஓரத்தில் அலங்காரப் பட்டி இருந்த காலத்தில் இணைப்பில் விட்ட இடைவெளியை அது மூடிவிடும். மொட்டைப் பலகையில் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் குத்தும். கைப்பிடி இல்லாமல் விரல் நுழையும் பள்ளம் எடுப்பது, கைப்பிடி வைப்பதைவிட அதிக வேலை. எனவே எங்கே மறைக்க வேண்டும், எங்கே ஸ்க்ரூ தலை தெரிந்தாலும் பரவாயில்லை என்று முதலிலேயே தீர்மானியுங்கள். நான் மேசையின் அடியில் எதையும் மறைப்பதில்லை. கழற்ற வேண்டிய ஸ்க்ரூ தெரியத்தான் வேண்டும்.

வெள்ளை மேட் லேமினேட் படத்தில் பிரமாதமாக இருக்கும். மஞ்சள்தூள் போட்ட குழம்பு ஒரு சொட்டு விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் தெரியும் கதை. வெளிர் மர நிறமோ சாம்பல் நிறமோ எடுங்கள்.

அட்டையில் செய்து, பிறகு பிளைவுட்டில்

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வருகிற அட்டைப் பெட்டியை வெட்டி, டேப் போட்டு, நிஜ அளவில் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்தது அழகாகத்தான் இருக்கும்; அட்டை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் முட்டி இடிப்பது தெரியும். அதை ஒரு வீட்டில் மூன்று நாள் போட்டு வையுங்கள்.

பிளைவுட் வாங்கும்போது அதன் இந்தியத் தர எண்ணைப் பாருங்கள்: ஐ.எஸ். 303 என்றால் சாதாரண ஈரம் தாங்கும், ஐ.எஸ். 710 என்றால் தண்ணீரே பட்டாலும் தாங்கும் என்று நினைவில் வையுங்கள். படுக்கையறை, ஹாலுக்கு முதலாவது போதும். மாப் போடும்போது தண்ணீர் படுகிற கால், அடிப்பலகைக்கு இரண்டாவது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு மலிவுதான், ஆனால் தினம் இரண்டு முறை திறந்து மூடுகிற கீலின் ஸ்க்ரூ அதில் நிற்காது, ஆறு மாதத்தில் ஓட்டை பெரிதாகி ஆட ஆரம்பிக்கும். பிளைவுட்டிலும் கீல் வருகிற விளிம்பில் மட்டும் ஒரு இஞ்ச் கட்டை மரம் ஒட்டிக்கொள்வது என் வழக்கம். ரப்பர் மரம் எடுத்தால் போரான் மருந்தில் ஊறியதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். சென்னையில் இருப்பவர்கள் சைடன்ஹாம்ஸ் சாலையில் பாதி நாள் நடந்தால் பிளைவுட், லேமினேட், கீல் எல்லாம் ஒரே இடத்தில் விலை விசாரித்துவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலடி. மேசைப் பலகை இரண்டடி அகலம் என்று வரைந்தால் ஒரு ஷீட்டில் நாலு வரும் என்று தோன்றும், எட்டை இரண்டால் வகுத்தால் நாலுதானே. ஆசாரியிடம் கொடுத்தால் மூன்றுதான் முழுசாக வரும். ரம்பத்தின் பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல் தின்னும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒன்று, பட்டறையில் அதுதான் பேச்சு. ஷீட்டின் ஓரமும் நசுங்கியிருக்கும், சீவ வேண்டும். அகலத்தை 23½ இஞ்சாகக் குறைத்தேன்: நாலு துண்டு 94, மூன்று அறுப்புக்கு மூன்று நூல், ஓரம் சீவ ஒன்றரை இஞ்சுக்கு மேல் மிச்சம். உபயோகிப்பவருக்கு அரை இஞ்ச் குறைந்ததே தெரியாது. எனக்கு ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு மேசைப் பலகை கூடக் கிடைத்தது. ஆகவே முதலில் ஷீட்டை வரையுங்கள், அதற்குள் பொருளை வரையுங்கள்.

எடையும் பாருங்கள். 18 மி.மீ. ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். எல்லாப் பக்கமும் 18 போட்டால் பெட்டி பெஞ்சை ஒரு ஆள் நகர்த்த முடியாது. கீல் தாங்குகிற பலகையும் உட்காருகிற பலகையும் 18, மற்றவை 12. இழுப்பறை வைத்தால் பக்கத்துக்கு ஒரு நூல் இடைவெளி விடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும்.

உடைத்துப் பாருங்கள்

மேசையில் சாப்பிட மட்டும்தான் செய்வார்கள் என்று நம்பாதீர்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க அதன் மேல் ஏறி நிற்பார்கள். பரணில் இருந்து அண்டாவை இறக்க ஏறுவார்கள். மாமா ஒருவர் வந்து விளிம்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

சுவரில் பிராக்கெட் போட்டுத் தொங்கவிடும் மேசை என்றால் இந்த மாமாதான் ஆபத்து. பலகை சுவரிலிருந்து இரண்டடி நீளுகிறது, பிராக்கெட் ஒரு அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ ஆள் விளிம்பில் உட்கார்ந்தால் மேல் ஸ்க்ரூக்களைச் சுமார் 160 கிலோ சுவரிலிருந்து வெளியே இழுக்கும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் தாங்கலாம். இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில் பல இடத்தில் காற்றுத் துளை நிறைந்த லேசான ஏ.ஏ.சி. பிளாக் அல்லது உள்ளே வெற்றிடம் விட்ட ஹாலோ பிளாக். பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். தரையைத் தொடுகிற கால் ஒன்று இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

குழந்தை விரல் இன்னொரு விஷயம். மடங்குகிற இடத்தில் இடைவெளி விரல் நுழையவே முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், அல்லது தாராளமாக வந்து போகிற மாதிரி 25 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் நசுக்கும். பெட்டி மூடிக்கு, படாரென்று விழாமல் தாங்குகிற ஸ்டே கட்டாயம் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெட்டிக்குள் எப்படிப் போகும்?

1859-இல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் போட்ட 14-ஆம் எண் நாற்காலியில் ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். கப்பலில் உலகம் முழுக்கப் போனது அதனால்தான். நமக்கு கூரியர்.

கூரியர்காரர் எடை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதும் எடைதான். எது அதிகமோ அதற்குக் காசு. வகுக்கிற எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய மேசை 75 × 60 × 75 என்றால் 67.5 கிலோவுக்கான கட்டணம். அதையே பிரித்து 80 × 65 × 12 அட்டைப் பெட்டியில் வைத்தால் 12.5 கிலோ. பிறகு நிஜ எடைதான் கணக்கு. முனைகளுக்கு ஃபோம் வையுங்கள், அடிபடுவது எப்போதும் முனைதான். ஸ்க்ரூவில் இரண்டு கூடுதலாகப் போடுங்கள், அதைத் திருகுகிற ஆலன் கீயையும் உள்ளேயே வையுங்கள். பூட்டுகிற விதத்தை நாலு படமாக அச்சடித்து வையுங்கள். ஃபர்னிச்சர் பற்றி எதுவும் தெரியாத சொந்தக்காரர் ஒருவரைப் பூட்டச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

விலையும் காகித வேலையும்

உதாரணத்துக்கு ஒரு மேசை: பலகை, கீல், லேமினேட் 3,000 ரூபாய், கூலி 1,400, பேக்கிங் 300, பட்டறை வாடகை கரண்ட் பங்கு 500, உடைந்து திரும்பி வருவதற்கு ஒதுக்குவது 300. ஆக 5,500. கடைசி இரண்டையும் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். இதை 7,000 என்று போட்டால் நேரடியாக விற்கும்போது இனிக்கும். நாளைக்கு ஒரு ஷோரூம்காரர் 30 சதவீதம் கமிஷன் கேட்டால் 4,900 கையில் வரும், அதாவது கைநஷ்டம். 8,800 போட்டால் அவருக்குக் கொடுத்த பிறகும் 6,160 நிற்கும். ஜி.எஸ்.டி. பதிவு செய்தவரானால் மர ஃபர்னிச்சருக்கு 18 சதவீத வரி இந்த விலைக்கு மேல் தனி.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, பெங்களூருக்கு ஒன்று அனுப்பினாலும் கணக்கு மாறிவிடும். ஆன்லைன் தளங்களில் விற்பதற்குத் தனி விதிகள் உண்டு. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். 2025-இல் ஃபர்னிச்சருக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்திருக்கிறது. உங்கள் பொருளும் உங்கள் பட்டறை அளவும் அதற்குள் வருமா என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். அலுவலகத்தில் கேட்ட பிறகு பணத்தைப் போடுங்கள்.

வடிவம் உங்களுடையது என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யலாம்; பத்து ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு நீட்டிப்பு. தோற்றத்துக்குத்தான் பாதுகாப்பு, மடங்குகிற நுட்பத்துக்கு இல்லை. ஒரு முக்கியமான விஷயம்: விண்ணப்பிப்பதற்கு முன்னால் வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும். ஆகவே முதல் மாதிரி தயாரான குஷியில் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். வரிசை இதுதான்: விண்ணப்பம், அப்புறம் படம்.

விற்பது

வெள்ளைப் பின்னணியில் ஸ்டூடியோ படம் எடுக்கப் போகாதீர்கள். உங்களிடம் வாங்கப்போகிறவர் வீட்டில் காய்கிற துணி இருக்கும், வாட்டர் கேன் இருக்கும், டியூப் லைட் இருக்கும். அந்த மாதிரி அறையிலேயே எடுங்கள். வெட்டே இல்லாத ஒரே வீடியோ, மேலே சாமானோடு இருக்கிற மேசையை ஒருவர் மடக்கி, அந்த இடத்தில் பாய் விரிப்பது வரை. நான் போட்டதிலேயே அதிகம் பேர் விசாரித்தது அந்த வீடியோவைப் பார்த்துத்தான், அதில் ஒரு பாட்டும் கிடையாது.

அளவை இரண்டு விதமாகப் போடுங்கள்: விரித்தால் எவ்வளவு, மடக்கினால் எவ்வளவு, இரண்டும் இஞ்சில். மில்லிமீட்டர் சொன்னால் யாராலும் கையை விரித்து அளவைக் காட்டிப் பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களிடம், பழைய நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டி தரையில் விரித்து ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார்கள். நல்லது, அந்த மேசை திரும்பி வந்திருக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடு மாறவும் தயங்குவார்கள். பள்ளி திறப்பதற்கு முன் மே மாதமும், ஆவணியும், தையும்தான் சாமான் வண்டிகள் தெருவில் ஓடும் காலம். சரக்கை அதற்கு ஒரு மாதம் முன்பே தயார் செய்து வையுங்கள். ஆடியில் பட்டறையில் உட்கார்ந்து மாதிரி செய்யலாம். விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட வீட்டு புரோக்கர், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் அட்மின் ஆகியோரைப் பிடிப்பது எனக்குப் பலன் கொடுத்தது. குடிவருகிற அன்றே அந்த வீட்டுக்குள் நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஒரு மாதம் கழித்து

முதல் பத்து மேசை போன வீடுகளுக்கு நேரில் போங்கள். ஸ்க்ரூ இறுக்கித் தருகிறேன் என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்குதுங்க" என்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டே கீல் இடுக்கில் விரலை வையுங்கள். தூசி படிந்திருந்தால் மடக்கவே இல்லை. தரை டைலில் கால் போய் வந்த கோடு இருந்தால் தினமும் மடக்குகிறார்கள், காலுக்கு அடியில் ரப்பர் புஷ் மாற்ற வேண்டும்.

சோழிங்கநல்லூரில் ஒரு வீட்டில் கீல் முழுக்கத் தூசி. தட்டு வைத்த புது மாடல்தான், சாமானுக்கு இடம் இருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "பலகை இறங்குற இடத்துல ரெண்டாவது சிலிண்டர் நிக்குதுண்ணே" என்றார் அந்தப் பையன். குனிந்து பார்த்தேன், நிற்கிறது. டேப்பை எடுத்து சிலிண்டரின் உயரத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன்.